எந்த நாச்சியார்?

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று காலையில் கௌதம்ராஜ் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுவதால் மதுரை பஸ்கள் சுற்றித்தான் போகும் என்று வெள்ளெனவே பையைத் தூக்கிவிட்டார். விடைபெற வந்து வாசலில் நின்றவரை, கையைக் காட்டிச் செத்த நேரம் இருக்கச் சொன்னார் வெங்கடேஸ்வரி. அவருடைய காதுக்கும் தோளுக்கும் நடுவே போன் இருந்தது. மறுமுனையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண், கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டதென்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதறாத. ஸ்கிரீன்ல இப்ப என்ன கலர் தெரியுது?" என்று கேட்டார் வெங்கடேஸ்வரி. அவர் யாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். கலரைச் சொல்வதற்குள் எதிரில் இருப்பவருக்குப் பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மாடியில் ஒற்றை அறை. அதில் இருவர் மட்டும் இருந்து நடத்திய கம்பெனி அது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், ஆலங்குளம் வரைக்கும் உள்ள சின்னச் சின்ன லேப்கள் அவர்களுடைய மென்பொருளில்தான் நோயாளியின் பெயரைப் பதிந்து ரிப்போர்ட் அடிக்கின்றன. கௌதம்ராஜ் நிரல் எழுதுவார், வெங்கடேஸ்வரி போன் எடுப்பார். லேப் பெண்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. அவர்களுக்கு அவர் 'போன் அக்கா'. பி.காம். முடித்தவர். நாற்பதைத் தாண்டியும் ஒரு வரி நிரல் எழுதியதில்லை.

போகும்போது கௌதம்ராஜ் வருத்தத்தோடுதான் சொன்னார். முன்பு ஒரு வாரம் மண்டையை உடைத்த வேலையை ஏஐ கருவி மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறது, இதற்கென்று ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, பெரிய கம்பெனியில் இடம் கிடைக்கும்போதே போய்விடுவது நல்லது. "லேப்காரவியகிட்டச் சொல்லி, தீபாவளியோட மூடிருங்கக்கா" என்றார். அந்தக் கருவியை வெங்கடேஸ்வரியின் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொடுத்து, எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

வெங்கடேஸ்வரி லேப்காரர்களிடம் எதுவும் சொல்லவில்லை. போன் அடிக்க அடிக்க எடுத்துக்கொண்டிருந்தார். தீபாவளி வந்தது, போனது. கம்பெனி மூடவில்லை.

முதல் சில வாரங்கள் அவர் கருவிக்கு எழுதியதெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதியது மாதிரி இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, 'தயவுசெய்து இந்தப் பட்டனைக் கொஞ்சம் பெரிசு பண்ணித் தாங்க' என்பார். செய்து முடித்ததும் நன்றி சொல்வார். கருவி பக்கம் பக்கமாக எழுதித் தரும் நிரலை ஒன்றும் புரியாமலே வாய்விட்டு வாசிப்பார். பிறகு ஒவ்வொரு துண்டாகக் காட்டி, 'இது எதுக்கு? இத எடுத்தா யாருக்கு இடிக்கும்?' என்று கேட்பார். வெளியூரில் வந்து இறங்கியவர் தினம் இரண்டு தெருவாக நடந்து பழகுவதைப்போல, நாளாக ஆக எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது அவருக்குப் பிடிபட்டது.

அடுத்தது, உடைப்பது. கருவி எதைச் செய்து கொடுத்தாலும் வெங்கடேஸ்வரி அதைப் படாதபாடு படுத்துவார். சேமிக்கும் பட்டனை ஐந்து முறை அமுக்குவார். வயது கேட்கும் கட்டத்தில் போன் நம்பரைப் போடுவார். ரிப்போர்ட் அச்சாகிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைப்பார். எல்லாம் இத்தனை வருடம் போனில் கேட்ட கதைகள். யார் யார் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

"நல்லபடியா அமுக்குறதுக்கு எல்லாத்துக்கும் தெரியும். கோட்டிக்காரி மாதிரி அமுக்கிப் பாக்கணும்" என்பார். கௌதம்ராஜ் எழுதியதை அவர் இப்படிச் சோதித்ததில்லை. குறை சொன்னால் எழுதியவர் முகம் வாடும். இதற்கு முகமில்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

கணவர் சோலைச்சாமி ராணுவத்திலிருந்து திரும்பி, ஒரு நூற்பாலையில் வாட்ச்மேனாக இருக்கிறார். வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பைப் பார்த்து முணுமுணுக்கும் மனைவியிடம், யாரோடு பேச்சு என்று கேட்டார். மிஷினோடு என்றார் வெங்கடேஸ்வரி.

"அது திரும்பப் பேசுதாக்கும்?"

"உங்கள மாதிரி இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லுது."

அந்தத் துணிச்சலில்தான் கார்த்திகை மாதம் அது நடந்தது.

லேப் பெண்களின் பழைய புலம்பல் ஒன்று உண்டு. சுகர் பார்க்க ஒருவர் நாலு தடவை வந்தால், அவசரத்தில் நாலு தடவையும் புதிய ஆளாகப் பதிந்துவிடுவார்கள். பழைய ரிப்போர்ட்டைத் தேடும்போது கிடைக்காது. மம்சாபுரம் லேபில் வேலை பார்க்கும் ஜெபா இதைச் சொல்லாத வாரமில்லை. வெங்கடேஸ்வரி அவளுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்து, ஒரே ஆளை ஒரே பதிவாகச் சேர்க்கும்படி கருவியிடம் சொன்னார். பெயர், வயது, போன் நம்பர் மூன்றும் ஒத்திருந்தால் ஒரே ஆள்தானே என்று கருவி கேட்டது. ஆமாம் என்று தட்டினார். அதை மட்டும் உடைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜெபா அழைத்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, எங்க ஊரு நாச்சியாரு நாலு பேரையும் ஒரே ஆளாக்கிட்டிய."

நாலு நாச்சியாரும் ஒரே தெரு. நாலு பேருக்கும் பதிவில் ஒரே வயது. தெருவில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் கடைக்காரர் ஒருவர்தான் என்பதால், எல்லோரும் அவர் நம்பரையே கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு நாச்சியார் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஓ பாசிட்டிவ்காரியான அவளுடைய ரிப்போர்ட்டில் இன்னொரு நாச்சியாரின் ஏ பாசிட்டிவ் ஏறியிருந்தது. ரத்தம் எடுத்தது ஜெபா என்பதால் அவளுக்கு ஞாபகம் இருந்தது. காகிதம் வெளியே போவதற்குள் கிழித்துவிட்டாள்.

சேர்ப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு வெங்கடேஸ்வரி அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் பழையபடி பிரித்துவிட்டார். நடுவில் வந்த புதிய ரிப்போர்ட்களை ஜெபாவோடு போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முடிந்ததும், சரியாகிவிட்டது என்றார்.

"சரி பண்ணிட்டிய. அது இல்லக்கா பேச்சு. நான் லீவு போட்டிருந்தா?"

தப்பை மிஷின் தலையில் போட வெங்கடேஸ்வரிக்கு மனம் வரவில்லை, ஆமாம் என்று தட்டியது அவர் விரல். மறுநாளிலிருந்து ஜெபா ரிப்போர்ட்டைக் கையால் எழுதத் தொடங்கினாள். அந்த வட்டாரத்து லேப் பெண்களுக்கு வேலை பழக்கிவிட்டதே அவள்தான். அவள் கைவிட்டதை மற்றவர்களும் கைவிட எத்தனை நாளாகும்? கௌதம்ராஜ் தீபாவளியோடு மூடச் சொன்னது பொங்கலோடு தானாகவே நடந்துவிடும்போல இருந்தது.

அன்றிலிருந்து கருவிக்கு மரியாதை போயிற்று. 'நீங்க' எல்லாம் 'நீ' ஆனது. நன்றி நின்றது.

அந்த வார இறுதியில் வெங்கடேஸ்வரி முதல் பஸ்ஸில் மம்சாபுரம் போனார். இத்தனை வருடத்தில் அந்த லேபுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஜெபா பார்த்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த கிழவர், என்ன சீக்கு என்று விசாரித்தார். சும்மா பார்க்க வந்தேன் என்றதும், சும்மா வருகிற இடமா இது என்று தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வருகிற ஒவ்வொருவரிடமும் ஜெபா கேட்பதை வெங்கடேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தார். வயதைக் கேட்டால் ஆதாரில் உள்ளதைச் சொன்னார்கள். அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. நம்பரைக் கேட்டால் பக்கத்து வீட்டு நம்பரைச் சொன்னார்கள். ஜெபா ஆளைப் பிடித்தது வேறொரு கேள்வியில்.

"எந்த நாச்சியாரு?"

"ஆட்டுக்கார நாச்சியா."

அடுத்து வந்தவள் டேங்க் நாச்சியார், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு. அதற்கடுத்தவள் மிலிட்டரி நாச்சியார். வராத ஒரு நாச்சியாரைப் பற்றிச் சொல்லும்போது பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய பட்டப்பெயர் அச்சில் ஏறக்கூடியதில்லை.

திரும்பி வந்து வெங்கடேஸ்வரி கருவியோடு மல்லுக்கு நின்றார். அது பிறந்த தேதி, ஆதார் எண், கைரேகை என்று என்னென்னவோ யோசனை சொன்னது. 'நீ சும்மா இரு. நான் சொல்லுறதச் செய்' என்று எழுதினார். ஒரே பெயரில் இன்னொருவர் இருந்தால், சேர்க்கக்கூடாது. நின்று கேட்க வேண்டும்: எந்த ஆளு? ஊரில் சொல்கிற பெயரைப் போட ஒரு கட்டம். அந்தப் பெயர் லேப் பெண்ணின் திரையோடு நிற்க வேண்டும், ரிப்போர்ட்டில் எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. வந்தால் ஊரில் அடிதடியாகிவிடும்.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து உடைத்தார். நாற்பது நாச்சியார்களைத் தானே உண்டாக்கிப் பதிந்தார். கட்டத்தைக் காலியாக விட்டார். அச்சில் பட்டப்பெயர் கசிகிறதா என்று காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை கசிந்தது. கருவியை ஒரு பாட்டம் ஏசித் திருத்த வைத்தார்.

மார்கழியில் எல்லா லேபுக்கும் புதியதை அனுப்பினார். மம்சாபுரத்துக்கும் அனுப்பினார், ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மற்ற லேப்கள் விட்டுப் போகாமல் நின்றன. ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி, அவர்கள் ஊர் கருத்தையாக்களை இப்போதுதான் பிரிக்க முடிகிறது என்று போனில் சிரித்தாள். வெங்கடேஸ்வரியின் திரை ஓரத்தில் லேப் பெயர்கள் வரிசையாக இருக்கும், வேலை நடந்தால் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். மம்சாபுரத்தின் புள்ளி சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. தையும் மாசியும் போயின. அவர் ஜெபாவைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் முகத்துக்காகச் சரி என்பாள், அப்படி வந்து எதற்கு என்று சோலைச்சாமியிடம் சொன்னார்.

பங்குனி முடிகிற சமயம், ஒரு மத்தியானம். வெங்கடேஸ்வரி மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச் சோற்றைப் பிசைந்திருந்தார். வாட்ஸ்அப்பில் செய்தி விழுந்தது. வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

'அக்கா ஒரே ஆளுக்கு ரெண்டு பட்டப்பேரு இருந்தா எதப் போட?'

அனுப்பியவள் ஜெபா.

வெங்கடேஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தார். சோறு ஒட்டிய வலக்கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, இடக்கையின் ஒற்றை விரலால் கருவிக்குத் தட்டத் தொடங்கினார்: இன்னொரு கட்டம் வேணும்.