கராவோக்கேயும் என் வீட்டு அமைதியும்

கூலாய் நகரில் எங்கள் தாமானைப் போல அமைதியான குடியிருப்பு கிடையாது என்று பதினேழு வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கராவோக்கே பெட்டி வாங்கியதும் அந்தப் பேச்சு அடங்கியது. சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரே பாட்டை நாலு தடவை பாடுவார். நாலு தடவையும் ஒரே இடத்தில் சுருதி விலகும். பொறுத்துப் பார்த்துவிட்டு நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தமிழ் அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். அது டிவி ரிமோட் அளவுதான் இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் மறந்துபோய், அவர் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன். பாட்டு ஓடும்போது ஒரு தடவை அளந்தார். பிறகு பாட்டை நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தார். எண் பேருக்குத்தான் இறங்கியது.

“மிஷின் கெட்டுப்போச்சா? அதான் பாட்டு நின்னுருச்சே!” என்றேன்.

“மிஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா. சுத்தி இருக்கிற சத்தத்தவிட பாட்டு எவ்ளோ கூடன்னுதான் ரூல்ஸ்படி பாப்போம்.”

“சுத்தி என்ன சத்தம் இருக்கு?”

வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “ஹைவே லா, அக்கா.”

காது கொடுத்துக் கேட்டேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. இத்தனை வருடமும் நான் அமைதி என்று சொன்னது இதைத்தான்.

பாட்டு ஹைவேயை அவ்வளவாக மிஞ்சாததால் என் புகார் எடுபடாமல் போனது, நிற்கவில்லை. அன்று கேட்கத் தொடங்கிய ஹைவேயும் இன்றுவரை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரராவது சனிக்கிழமை மட்டும்தான் பாடுகிறார்.