பூனையின் வயிறும் என் வாயும்

என் பூனைக்கு வயிறு உப்பியதும், சினையாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான். யாரும் கேட்கவில்லை. மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில் ஏறினால், இறங்குவதற்குள் இரண்டு பேருக்காவது குட்டி தருவதாகச் சொல்லியிருப்பேன். தலைச்சோலையிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்க வரும் அக்கா ஒருவர், வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லை என்று முதல் குட்டியைக் கேட்டு வைத்திருந்தார். கூடையில் பழைய துண்டுகூட விரித்தாயிற்றாம்.

நானும் பாலும் மீனுமாக வைத்தேன். தின்னத் தின்ன முதுகெலும்பு துருத்தியது, முடி சிலிர்த்து நின்றது. உள்ளே இருப்பதெல்லாம் உறிஞ்சுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உறிஞ்சியது உண்மைதான்.

ஒரு காலை அது வாந்தி எடுத்தது. அதில் வெந்த சேமியா போல, கொஞ்சம் தடித்து, ஒன்று நெளிந்தது. பூனையைப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"குட்டி எதுவும் இல்லைங்க. அத்தனையும் புழு. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா பூனை தங்கியிருக்காதுங்க."

மாத்திரையை எடைக்குத் தக்கபடிதான் தரவேண்டும், குத்துமதிப்பு ஆகாது என்றார். தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட வேண்டும், மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துக் கை கழுவ வேண்டும். அங்கே சின்னத் தராசு பழுது. எஸ்டேட்டில் நிறுத்து எடையைப் போனில் சொன்னால், எவ்வளவு தருவது என்று சொல்வாராம்.

மாலையில் பழம் நிறுக்கும் நேரம். மூட்டைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். தலை மட்டும் வெளியே தெரிய, பூனையைச் சாக்கில் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டினேன்.

"ஏனுங்கக்கா, குட்டியையும் சேத்தா எடை போடறீங்க?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

தலைச்சோலை அக்கா வந்து, ஆடிய சாக்கைப் பிடித்துக் கொடுத்தார்.

"குட்டி இல்லைங்க. புழுங்க," என்றேன்.

சிரிப்பு நின்றது. அக்கா சாக்கை விடவில்லை.

"மஞ்சக்குட்டைல வேறொருத்தங்க குட்டி தரேன்னாங்க. நீங்க சொல்லியிருக்கீங்களேன்னு வேண்டாம்னுட்டேன். போவுதுங்க, இது பொழைக்கட்டும்."

திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வாரம் கழித்து அடுத்த மாத்திரை. அதற்கும் அதே தராசு, அதே வரிசை. பூனையின் வயிறு வற்றியிருந்தது, எடை கூடியிருந்தது. கணக்கெழுதும் ரைட்டர் பழ மூட்டைக்குச் சொல்வதுபோல் எடையை உரக்கச் சொன்னார். பிழைத்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல நாக்குத் துடித்தது. வரிசையில் அந்த அக்கா நின்றிருந்தார். சாக்கோடு பூனையை அணைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு வெளியே வந்தேன். ஜீப்புக்கு நிற்கவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனேன்.