ஒரே ஒரு வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பரில் அம்மா முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு வந்தாள். எனக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்து, கேஸ் அடுப்பும் வாங்கிய பிறகுதான் அவளை வரச்சொல்லிக் கூப்பிட முடிந்தது. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து அப்போதுதான் அவள் ஓய்வு பெற்றிருந்தாள். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பழகிய குரல் அவளுக்கு. குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் அவள் பேசினால் கீழ்த்தளத்தில் கதவு திறக்கும்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். எழுபத்தொன்றில், இன்றைக்கு வங்கதேசம் என்கிற மண்ணில் நடந்த போரில் இறந்தார். எனக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. பிறகு அவரோடு வேலை பார்த்த பக்கத்து ஊர் டிரைவர் ஒருவர் லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விவரம் சொன்னாராம். ஒரு ஆற்றைத் தாண்டும்போது, லாரியை ஏற்றியிருந்த மிதவையில் குண்டு விழுந்து எல்லாம் கவிழ்ந்துவிட்டது. அந்த ஆற்றின் பெயரை அம்மா மறக்கவே இல்லை. வங்காளத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

ஊரில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் பள்ளிக்கூட மேடையில் அவளை உட்காரவைத்துத் துண்டு போர்த்துவார்கள். ‘வீரமரணம்’ என்ற சொல் மைக்கில் பலமுறை வரும். சில வருடங்களுக்குப் பிறகு அவள் போவதை நிறுத்திவிட்டாள். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். “இத்தன வருஷமா கூப்புடறீங்களே சார், அவரு எப்படிச் செத்தாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?” என்று வாசலிலேயே கேட்டு அனுப்பிவிட்டாள்.

கல்கத்தாவில் அந்த டிசம்பரில், ராணுவ வளாகம் ஒன்றுக்குள் இருந்த போர் நினைவு அருங்காட்சியகத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி இரண்டு பாஸ் வாங்கித் தந்தாள். அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். பாஸைக் காட்டினேன்.

“போவலாம். இன்னா எழுதி வெச்சிருக்காங்கன்னு பாக்கறேன்” என்றாள்.

கிதிர்ப்பூர் வழியாக மினிபஸ்ஸில் போனோம். அம்மா புடவைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு வைத்திருந்தாள். வாசலில் கேமரா, பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சுப் பையை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. காவலுக்கு நின்ற சிப்பாயின் உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

சுற்றிக்காட்ட வந்தவர் ஓய்வு பெற்ற ஹவில்தார், வடக்கே மலைப்பக்கத்துக்காரர். கல்கத்தாவின் குளிர்காலப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும், வாயில் எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாய் இருந்தது. எங்கள் கூட்டத்தில் பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள். குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் எல்லாரையும் முந்திக்கொண்டு நடந்தார். சீருடைகள், துப்பாக்கிகள், பிடிபட்ட கொடிகள், தளபதிகளின் படங்கள் என்று அறை அறையாகப் போனோம். அம்மா எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. ஒரு சிப்பாயின் தட்டையும் குவளையையும் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றாள்.

மூன்றாவது அறையில் மேஜை அளவுக்கு ஒரு நில வரைபடம் இருந்தது. ஆறுகளுக்கு நீலப் பெயின்ட், படைகள் போன வழிக்கு வரிசையாகச் சின்னச் சின்ன பல்புகள். ஹவில்தார் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குச்சி ஒரு நீலக் கோட்டின் மேல் நின்றது. ஆற்றின் பெயரைச் சொல்லிவிட்டு இந்தியில் தொடர்ந்தார்:

“இதை ஒரே ராத்திரியில் தாண்டினோம். எதிரி கனவிலும் நினைக்கவில்லை. நம் பக்கம் நஷ்டம் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு வண்டி, அவ்வளவுதான்.”

யாரோ கைதட்டினார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் ஆற்றின் பெயர் காதில் விழுந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்தாள்.

“இன்னா சொன்னாரு?”

சொன்னேன். அவள் அந்த நீலக் கோட்டையே பார்த்தாள். ஒரு விரல் அகலம்கூட இல்லை அது.

“அந்த வண்டியில யாரு இருந்தாங்கன்னு கேளு.”

கேட்டேன். ஹவில்தார் இல்லை என்று தலையசைத்து, என்னை அக்கா முறை வைத்துச் சொன்னார்: “டீடெயில் இல்லை தீதி. வாருங்கள், வெளியே பிடிபட்ட டேங்க் நிற்கிறது. எல்லாரும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள்.”

டேங்க் என்றதும் கூட்டம் நகர்ந்தது. ஆனால் அவர்களுக்கு முன்னால் அம்மா நகர்ந்துவிட்டாள். அடுத்த அறைக்குப் போகும் குறுகலான வழியில் போய், ஆரஞ்சுப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்துணவுக் கூடத்தில் வரிசை கலைந்தால் அவள் அப்படித்தான் நிற்பாள்.

“மாதாஜி, பின்னால் அடுத்த பேட்ச் வருகிறது” என்றார் ஹவில்தார்.

மொழிபெயர்த்தேன்.

“வரட்டும். அவங்களும் கேக்கட்டும். அந்த வண்டி என் வூட்டுக்காரரு ஓட்டுன வண்டின்னு சொல்லு.”

நான் அதைச் சொன்னேன். ஹவில்தார் குச்சியைக் கீழே இறக்கினார். வெளியே தியாகிகளுக்கு ஒரு தூண் இருக்கிறது, அங்கே பூ வைக்கலாம், தானே கூட வருகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர்தான்.

“பூ வெக்க நான் வரல. நஷ்டம் ஒண்ணும் இல்லன்னு சொன்னாரே, அத மாத்திச் சொல்லச் சொல்லு.”

இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. அவள் சொன்ன தோரணையிலேயே இந்தியில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

“நான் பொய் சொல்லவில்லை தீதி. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். வருகிற ஜனங்களுக்குச் சாவைக் கேட்கப் பிடிக்காது. டேங்க் பார்க்கத்தான் வருகிறார்கள்.”

குரங்குக் குல்லாய்க்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு வங்காளிப் பெண்மணி அவரை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு அம்மாவிடம், “மாஷிமா, ஆப்னி போலுன்” என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்று அர்த்தம். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா பேசினாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, நான் இந்தியில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.

“அவரு டிரைவரு. சண்டைக்காரரு இல்ல. சாப்பாட்டு மூட்ட, டீசல், கூடாரம், இதத்தான் ஏத்திக்கினு போவாரு.”

சொன்னேன்.

“அவருக்குத் தண்ணின்னா பயம்.”

நான் நின்றுவிட்டேன். முப்பது வயதுவரை எனக்குத் தெரிந்த அப்பா, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சீருடைப் படம்தான். இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

“நிறுத்தாத. சொல்லு.”

சொன்னேன்.

“எங்க ஊரு ஏரியில முழங்காலுக்கு மேல எறங்கமாட்டாரு. பாலாத்துல வெள்ளம் வந்தப்ப ஊரே கரையில நின்னு வேடிக்க பாத்துது, அவரு மட்டும் புளியமரத்தாண்ட நின்னாரு. கடைசியா லீவுல வந்தப்ப, அங்க எங்க பாத்தாலும் ஆறு, ராத்திரி தூக்கம் வர்லன்னு என்கிட்ட சொன்னாரு. பெரியவங்ககிட்ட சொல்லி வேற எடம் கேளுங்கன்னேன். பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது, சிரிப்பாங்கன்னாரு. பயந்துகினேதான் போனாரு. பயந்துகினேதான் அந்தத் தெப்பத்துல வண்டிய ஏத்தியிருப்பாரு.”

அம்மா மூச்சு வாங்கினாள். கண்ணில் ஈரம் இல்லை. ஹவில்தாரை நேராகப் பார்த்தாள்.

“அத நீங்க வீரம்னு சொல்லுவீங்களோ மாட்டீங்களோ, அது உங்க இஷ்டம். ஒண்ணும் நஷ்டம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கடைசி வாக்கியத்தை இந்தியில் ஒருமுறையும் வங்க மொழியில் ஒருமுறையும் சொன்னேன். இரண்டாவது முறை எனக்காகச் சொன்னது.

ஹவில்தார் குச்சியை வரைபடத்தின் ஓரத்தில் வைத்தார். பிறகு அப்பாவின் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் வாயில் அது வேறு எதுவாகவோ வந்தது. “இல்ல” என்று மறுபடி சொன்னாள். மறுபடியும் தப்பு. சரியாக வரும்வரை விடவில்லை. வந்ததும் நிலையிலிருந்து கையை எடுத்தாள். வெளியே டேங்கின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதன் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். அந்த வங்காளிப் பெண்மணிக்கும் இரண்டு சுளை கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. “ஊர்பேர் தெரியாதவங்ககிட்ட சொல்ற, என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீ வீரமரணம் வீரமரணம்னு பேச்சுப் போட்டியில பேசி கப்பு வாங்கிக்கினு வந்த. நான் இன்னான்னு சொல்லுவேன்?” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “அவருக்கு வெல்லம் போட்ட காப்பிதான் புடிக்கும். இன்னும் இருக்குது, ஒவ்வொண்ணா கேளு” என்றாள். வீடு வந்து சேரும்வரை கேட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி போகவேண்டும் என்றாள். போனோம். கூட்டத்தில் எங்களைப் பார்த்ததும் ஹவில்தாரின் குச்சி ஆற்றின் மேல் சற்றுத் தயங்கியது. “இங்கே ஒரு டிரைவரை இழந்தோம்” என்று சொல்லி அப்பாவின் பெயரையும் சொன்னார். பாதி சரியாக இருந்தது. அம்மா மீதியைத் திருத்தினாள்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இல்லை. புதிதாக வந்தவர் பழையபடி ஒரே ஒரு வண்டி என்றார். அம்மா பழையபடி வழியில் போய் நின்றாள். இந்த முறை ஒரு அதிகாரி எங்களைத் தன் அறைக்கு அழைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். உங்கள் உணர்வு புரிகிறது, ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் மாற்ற முடியாது என்று இதமாகவே விளக்கினார்.

அம்மா டீயை முழுவதும் குடித்தாள். “டீ நல்லா கீதுன்னு சொல்லு. ஒவ்வொரு குடும்பமும் வந்து கேட்டா ஒவ்வொண்ணுக்கும் சொல்லட்டும், அதுக்குத்தான கட்டிவெச்சிருக்காங்க? நான் மறுபடி வருவேன்னும் சொல்லு.”

வந்தாள். குளிர்காலத்தில் என்னிடம் வரும்போதெல்லாம் போனாள். இதற்குள் இந்தியில் பத்து வாக்கியம் கற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த அறைக்காகவே கற்றது. என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவது குறைந்துபோனது. சில வழிகாட்டிகள் அவளைப் பார்த்ததும் தாமாகவே ஒதுங்கி இடம் விடுவார்கள். சிலர் முறைப்பார்கள். இரண்டுமே அவளுக்கு ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒருமுறை போனபோது வழிகாட்டியே இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள். பச்சையை அமுக்கினால் பல்புகள் எரிய, ஒலிபெருக்கியில் ஒரு கம்பீரமான குரல் போரை விவரித்தது. அதனிடம் யார் கேள்வி கேட்பது? அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

குரல் ஆற்றங்கரைக்கு வந்தது. “ஒரே ஒரு வண்டி” என்றது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். குரல் பாதி வார்த்தையில் நின்றது.

மூலையில் நின்ற இளம் சிப்பாய் ஓடிவந்தான். “மாதாஜி, அதைத் தொடக்கூடாது.”

“பட்டன் எதுக்கு வெச்சிருக்குது?” என்று அவள் இந்தியிலேயே கேட்டாள்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பாக, ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி, லாரியையும் ஆற்றையும் பயத்தையும் சொன்னாள். அப்பாவின் பெயரைக் கடைசியில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஒருவரும் நகரவில்லை. சிப்பாயும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

முடித்ததும் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“இப்ப அமுக்கு. மீதிய அது சொல்லட்டும்.”