ஒரு லைசென்ஸ், இரண்டு தூண்டில்

லண்டனின் மிச்சம் (Mitcham) பக்கத்தில் யாக்கோப்பரைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. ஆனால் அவரோடு இருந்து ஆறுதலாகக் கதைத்தவர்கள் ஆர் என்று தேடினால் ஒருத்தரும் அகப்படமாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து, சனம் வேதக்கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை அளக்கிற நேரம் மனுசன் மெல்ல நழுவிவிடுவார். நின்றால் ஆராவது பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணை, இன்னும் மகனிட்டைப் போகேல்லையோ?" என்று கேட்பார்கள். மகன் ஜெரோசன் கலியாணம் முடித்து லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்சில் வீடு வாங்கிக்கொண்டு போனவன். அப்பாவுக்கும் அங்கே ஒரு அறை உண்டென்றுதான் சொன்னான். போய்ப் பார்த்தால் அந்த அறையில் இஸ்திரிப் பலகை, பிள்ளையின் தள்ளுவண்டில், திறக்காத பெட்டிகள் எல்லாம் முதலே குடியேறியிருந்தன. மூன்றாம் நாள் யாக்கோப்பர், "எனக்கு லண்டனிலை வேலை கிடக்குது" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். பெரிய வேலை ஒன்றுமில்லை. மரக்கறி மொத்த வியாபாரக் கடையொன்றில் விடியப்புறம் பெட்டி அடுக்குகிற ஷிப்ட்.

ஆள் மன்னார்ப் பக்கம், பேசாலை. அங்கேயிருந்து வெளிக்கிட்டு ஜெர்மனியில் கனகாலம் இருந்தவர். பெண்சாதி பியற்றிசை அந்த மண்ணிலேதான் அடக்கம் செய்தது, அதற்குப் பிறகுதான் லண்டனுக்கு வந்தார். அந்த நாட்டில் யாக்கோப்பருக்கு ஒரேயொரு கோபம் உண்டு. ஆற்றிலே ஒரு தூண்டில் போடுவதென்றால் அங்கே சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும்! எந்த மீனுக்கு எந்தச் செட்டை எங்கே இருக்கிறதென்று ஜெர்மன் மொழியில் விடை எழுத வேண்டும். "கடற்கரையிலை பிறந்தவனுக்கு மீன் சோதினையோ? போங்கோடா நீங்களும் உங்கடை ஆறும்" என்று அத்தனை வருசமும் தூண்டிலைத் தொடாமலே இருந்துவிட்டார்.

லண்டனில் பார்த்தால் கதையே வேறு. போஸ்ட் ஒபிசுக்குப் போனார். பேர், விலாசம், பிறந்த திகதி கேட்டார்கள். இருபத்தாறு பவுண் வாங்கிக்கொண்டு லைசென்சைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சோதனையும் இல்லை, ஒரு சுக்கும் இல்லை! அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டென்று கவுண்டரிலிருந்த பிள்ளை சொன்னதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். அவருக்கு அப்போது அறுபத்துமூன்று. "வேலைக்குக் கிழவன், கழிவுக்குக் குமரன்" என்று தனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பிறகுதான் சட்டதிட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாசி முடிந்து பங்குனி தொடங்கினதிலிருந்து ஆனி தொடங்கும் வரைக்கும் ஆற்றிலே தூண்டில் போடக்கூடாது, மீன் முட்டையிடுகிற காலம். குளத்துக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர் போன குளத்தில் வேறு விதி. கரையில் நட்ட பலகையிலே எழுதியிருந்தது, எதிர்முள் இல்லாத கொளுக்கிதான் போட வேண்டும், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணியில் விட வேண்டும். முதல் நாள் ஒரு நல்ல கெண்டை அகப்பட்டது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் வாழ்த்துச் சொல்லி, மீனைப் படம் எடுக்கச் சொல்லி, ஈரத்துணியில் பிடித்துத் தண்ணியில் விடச் சொல்லிக் காட்டிக் கொடுத்தார். யாக்கோப்பர் விட்டார். விட்டபோது வயிறு எரிந்தது, சொல்லாமல் இருப்பானேன்? அதை ஆணம் காய்ச்ச வெட்டினால் எத்தனை துண்டு வரும் என்பதெல்லாம் கண்ணுக்குள்ளே ஓடியது. பிறகு பழகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனாலும் ஆருக்குச் சமைக்கிறது?

சும்மா சொல்லக்கூடாது, மீனுக்காக அவர் அங்கே போகவில்லை. அறையில் இருந்தால் ரீவிதான் கதைக்கும். குளத்தங்கரையில் பேசாமல் இருக்கிறவனை ஒருவரும் தனியன் என்று சொல்லமாட்டார்கள், மீன்பிடிக்கிறான் என்றுதான் சொல்வார்கள்.

வாசு என்கிறவன் வந்தது ஆனி மாசம். கரையிலிருந்த நீட்டு வாங்கிலிலே கொஞ்ச நேரமாக இருந்துவிட்டு எழும்பி வந்து, "என்ன அண்ணை, ஏதும் படுதோ?" என்று கேட்டான். தமிழ்க் குரலைக் கேட்டதும் யாக்கோப்பர் மிதப்பைக் கவனிக்காமல் விட்டு, கொத்தின மீனையும் கோட்டைவிட்டார். வாசுவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வன்னி ஆள், கமக்காரன். மனைவியும் பிள்ளைகளும் யுத்தம் முடிந்து முகாமுக்குள்ளே இருக்கினமாம். இவனுடைய அகதி வழக்கை இங்கே தள்ளுபடி பண்ணிவிட்டார்கள். பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள். ஏதோவொரு கோழிக்கடையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறான். இவ்வளவும் ஒரே நாளில் சொன்னவன், பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. யாக்கோப்பரும் கிண்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் திரும்ப வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். சும்மா கை கட்டிக்கொண்டு இருக்கிறவனைப் பார்க்க யாக்கோப்பருக்குப் பொறுக்கவில்லை. லைசென்சோடு வந்த துண்டை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். ஒரு லைசென்சுக்கு இரண்டு தூண்டில் வரைக்கும் போடலாம் என்று எழுதிக் கிடந்தது. சரி, அப்போ பிரச்சினை முடிந்தது! பேசாலையில் வள்ளத்துக்குத்தானே நம்பர். வள்ளம் பதிந்திருந்தால் போதும், அதிலே ஏறி வலை இழுக்கிறவன் மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரனோ, ஒருவரும் கேட்கிறதில்லை. அந்தக் கணக்கிலே யாக்கோப்பர் யோசித்தார். பாவித்த சாமான் விற்கிற தருமக் கடையில் பழைய தூண்டில் ஒன்று வாங்கி, துடைத்து, நூல் கட்டிக் கொண்டுவந்தார்.

"இந்தாரும், பிடியும்" என்றார். "லைசென்சிலை ரெண்டு தூண்டில் எண்டு போட்டிருக்குது. ஒண்டு எனக்கு, ஒண்டு உமக்கு."

"பிரச்சினை ஒண்டும் வராதே அண்ணை?"

"என்ன பிரச்சினை? காசு கட்டினது நான். பயப்பிடாமல் போடும்."

அந்தக் கோடையை யாக்கோப்பர் தன்னுடைய வாழ்க்கையில் ஒரு நல்ல காலம் என்றே சொல்வார், கேட்க ஆள் இருந்தால். வாசுவுக்குத் தூண்டில் போடத் தெரியாது. மரத்திலே கொளுவுவான், தன்னுடைய சேட்டிலே கொளுவுவான். ஒரு நாள் யாக்கோப்பரின் தொப்பியைத் தூக்கித் தண்ணிக்குள் போட்டான். "கமக்காரனிட்டைக் கொடுத்தது என்ர பிழை" என்று யாக்கோப்பர் ஏசுவார். அவன் சிரிப்பான். அவன் சிரிப்பதைப் பார்க்கவேண்டுமென்றே மனுசன் இன்னும் நாலு ஏச்சு கூடுதலாக ஏசுவார். பிளாஸ்கில் பிளேன்ரீ, கடதாசிக்குள் மீன் வைத்த மாலுபணிஸ். சனிக்கிழமை பின்னேரமே அவருக்கு மனம் பரபரக்கத் தொடங்கிவிடும்.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிறு. வெயில் நல்லாக ஏறியிருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் தன் கதிரையிலிருந்து திரும்பி, தூரத்துக் கரையைக் காட்டினார். பச்சை அங்கி போட்ட பெண் அதிகாரி ஒருத்தி அங்கே ஒரு பொடியனோடு நின்று எழுதிக்கொண்டிருந்தாள். "லைசென்ஸ் பார்க்கிறார்கள். அவனிடம் இல்லைப்போலே. பேர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் வாங்கி, வோக்கிடோக்கியில் சரிபார்ப்பார்கள். உங்கள் இரண்டு பேரிடமும் இருக்குத்தானே?" என்று கிழவர் கேட்டார்.

யாக்கோப்பர் பெருமையாகத் தன்னுடைய லைசென்சை எடுத்துக் காட்டினார். கிழவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இரண்டு தூண்டில் என்றால் ஒரு ஆளுக்கு இரண்டு தூண்டில். ஆளுக்கு ஆள் தனித்தனி லைசென்ஸ் வேண்டும் என்று ஆறுதலாக, காது கேளாதவனுக்குச் சொல்கிறமாதிரிச் சொன்னார்.

ஐயோ என்று போனது யாக்கோப்பருக்கு. வாசுவைப் பார்த்தார். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. பேரும் பிறந்த திகதியும் சரிபார்க்கிறதென்றால் அவனுக்கு அது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஓடினால் இன்னும் மோசம், கரையிலே மறைவில்லை. அதிகாரி குளத்தைச் சுற்றி இவர்கள் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். யாக்கோப்பர் வாசுவின் தூண்டிலைப் பிடுங்கித் தன் தூண்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "பேசாமல் நில்லும். வாயைத் திறவாதையும்" என்றார்.

அவள் மரியாதையான பிள்ளை. குட்மோர்னிங் சொன்னாள். லைசென்சைப் பார்த்தாள்.

"இரண்டு தூண்டிலும் உங்களுடையதா?"

"ஓம், ரெண்டும் என்னுடையது" என்று யாக்கோப்பர் இங்கிலீசில் சொன்னார்.

"இவர்?"

"தெரியாது. சும்மா நின்று பார்க்கிற ஆள்."

அதோடு விட்டிருந்தால் காரியமில்லை. அவள் கீழே பார்த்தாள். புல்லிலே இரண்டு கோப்பை, இரண்டிலும் தேத்தண்ணி. அவள் கேட்டது குற்றம் பிடிக்கிற குரலில்கூட இல்லை.

"இவர் உங்களோடு வந்தவரில்லையா?"

முதல் தடவை சொன்ன பொய் வாசுவுக்காக. அதிலே யாக்கோப்பருக்குச் சந்தேகமேயில்லை. ஆனால் இந்த இரண்டாம் தடவை அவர் மனசுக்குள்ளே ஓடினது வேறு. விசா இல்லாத ஆளோடு சேர்ந்து நின்றதற்கு என்னையும் கேட்பார்களோ, மகனுடைய பேர் வருமோ, வேலை போகுமோ. அந்தப் பயத்திலே குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. "நோ, நோ! இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது. இவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" என்றார். கையாலே வாசுவைத் தள்ளுகிறமாதிரி ஒரு சைகையும் காட்டினார். அந்தச் சைகை எங்கேயிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

அதிகாரி நன்றி சொல்லிவிட்டுக் கிழவரிடம் போனாள். வாசு, வழியில் நின்று வேடிக்கை பார்த்தவன் போகிறமாதிரி, அவசரமில்லாமல் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. யாக்கோப்பர் பின்னேரம் வரைக்கும் இருந்தார். அவன் குடிக்காத தேத்தண்ணியை ஊற்றாமல் அப்படியே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. போன் அடித்தால் அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. எந்தக் கோழிக்கடை, எந்தத் தெரு, ஆரோடு அறையெடுத்து இருக்கிறான், ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அதிகாரியிடம் சொன்னது பாதி உண்மையாகிப்போனது அவருக்குப் பெரிய வேதனை. பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாதர் மன்னித்து, செபம் சொல்லச் சொன்னார். செபத்தைச் சொல்லி முடித்தபிறகும் வாசு இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போறனான், அங்கே ஒரு நேரச் சாப்பாடும் கிடைக்கும் என்று அவன் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. புரட்டாதியில் ஒரு வெள்ளி, ஷிப்ட் முடிந்த கையோடு மோர்டனில் நோர்தேன் லைன் ரெயில் ஏறினார். கழுத்துச் செபமாலையைச் சேட்டுக்குள்ளே விட்டுக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒரு தூணோடு நின்றார். மத்தியானப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசை நீண்டது. அதிலே வாசு நின்றான். இன்னும் மெலிந்திருந்தான்.

யாக்கோப்பர் போய்ப் பின்னாலே நின்றார். "வாசு" என்றார்.

அவன் திரும்பவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "சுகமோ அண்ணை?" என்று மெதுவாகக் கேட்டான்.

"என்னை ஒருக்கா ஏசும். அண்டைக்கு நான் செய்தது பெரிய துரோகம். வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை வாரும். நான் உமக்கு வேறை லைசென்ஸ் எடுத்துத் தாறன்."

"என்ர பேரிலை எடுக்க ஏலாது அண்ணை. உங்களுக்கு விளங்காதோ?" அவன் குரலில் கோபமே இல்லை. "நீங்கள் சொன்னதுதான் சரி. எங்கடை கடையிலை போன கிழமை இமிகிரேசன்காரர் வந்து ரெண்டு பேரைப் பிடிச்சவங்கள். பிடிபட்ட ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆக்களின்ரை வீடெல்லாம் போய்த் தட்டினவங்கள். நானும் அகப்பட்டால் உங்கடை கதவையும் தட்டுவாங்கள். என்னைத் தெரியாதெண்டே வைச்சிருங்கோ. அதுதான் உங்களுக்கு நல்லது, எனக்கும் நல்லது."

"எனக்கு நல்லது வேண்டாம்" என்றார் யாக்கோப்பர். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் வேணும்."

வாசு வரிசையில் ஒரு அடி முன்னாலே போனான். சோறு போடுகிறவரிடம் தட்டை நீட்டினான். வாங்கியபிறகு, "சாப்பிட்டிட்டு ஆறுதலாய்ப் போங்கோ. நான் முதல்லை போறன், ஒண்டாய்ப் போகவேண்டாம்" என்றான். வேறொரு மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டான்.

யாக்கோப்பர் சாப்பிட்டது இரண்டு வாய். வெளியே வந்து, மேடு இறங்கி ஸ்டேசனுக்குப் போனால், அதே மேடையில் தூரத்திலே வாசு நின்றான். ஒருவரையொருவர் கண்டார்கள், காணாதமாதிரி நின்றார்கள். ரெயில் வந்தது. அவன் ஒரு பெட்டி, இவர் அடுத்த பெட்டி. இரண்டுக்கும் நடுவிலிருந்த கதவின் கண்ணாடிக்குள்ளாலே அவனுடைய தோளும் காதும் தெரிந்தன.

எங்கே இறங்குகிறான் என்று பார்த்துவைக்கலாம் என்றுதான் யாக்கோப்பருக்கு முதலில் ஆசை வந்தது. ஸ்டேசன் தெரிந்தால் தெருத் தெருவாகத் தேடலாம், ஒரு நாள் முன்னாலே போய் நிற்கலாம். ஆற்றுக்குக் கீழாலே ரெயில் போகிறவரைக்கும் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்துவைத்தால் தெரிந்துவிடுமே. நாளைக்கு ஆராவது கதவைத் தட்டிக் கேட்டால்? கேட்டால் தன் வாய் எப்படிக் கதைக்கும் என்பதை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டார். அந்த வாயை நம்பி அவனை இனியும் வைக்க அவர் தயாரில்லை.

ஸ்டொக்வெல் தாண்டினதும் யாக்கோப்பர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கதவு திறந்தது, மூடினது. சனம் ஏறினது, இறங்கினது. கதவு எத்தனை தடவை திறந்தும் அவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. கடைசி ஸ்டேசன் மோர்டன் என்று அறிவிப்புச் சொன்னபிறகுதான் கண்ணைத் திறந்தார். பக்கத்துப் பெட்டியில் ஒருவரும் இல்லை. இனி ஆர் வந்து கேட்டாலும் அவர் சத்தியம் பண்ணியே சொல்லலாம், அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.