ஒரு பாடம் முன்னால்

பிள்ளைகளின் கையிலிருந்து போனைப் பறித்தவள் நான். பிறகு அதற்குள் விழுந்தவளும் நான்தான். போன வருடம் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி இரண்டாம் நாளே மகளும் மகனும் ஒரே போனுக்கு அடிபட்டார்கள். அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் அதைத் திறந்தபோது மகன் பாதியில் விட்ட வீடியோ ஓடத் தொடங்கியது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பனிக்குள் குந்தியிருந்து, இரண்டு தடிகளைக் கடைந்து நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே முழுவதையும் பார்த்து முடித்தேன். பிறகு அடுத்ததையும் பார்த்தேன்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் பதினாலு வருடமாகக் கவுண்டரில் நிற்பவள். மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் யோசித்தால் அவர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் யோசிக்காத முகம் ஒன்று எனக்குப் பழகிவிட்டது. கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் அன்புவழிபுரத்து வீட்டில். மற்ற நாட்களில் வீட்டில் ஒரேயொரு ஆளின் சொல்தான் இருக்கிறது, அது என்னுடையது. அந்தச் சொல்லைப் பிள்ளைகள் நம்ப வேண்டும் என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. அவர்கள் நம்பாமல் போனால் அந்த வீட்டை எப்படிக் கொண்டு நடத்துவது என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும், முற்றத்து முருங்கைக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையில் கயிறு கட்டி, ஒரு பழைய படங்கை விரித்துக் கூடாரம் போட்டுக் காட்டினேன். ஒரு முனையில் பிடித்து இழுத்தால் கழன்று வரும் முடிச்சு. முதல் நாள் பாமசியின் பின்னறையில் மருந்துப் பெட்டி கட்டி வரும் கயிற்றில் முப்பது நாற்பது தடவை போட்டுப் பழகியிருந்தேன். அதைப் பார்த்த முதலாளி, மாடு ஏதும் வாங்கப் போகிறீர்களோ என்று கேட்டார். பிள்ளைகளுக்கு இது ஒன்றும் தெரியாது. மகன் முடிச்சை இழுத்து இழுத்துக் கழற்றிச் சிரித்தான். மகள் மட்டும், இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கேட்டாள்.

"நான் சின்னனில கைட்ஸில இருந்தனான். அங்க படிச்சது" என்றேன்.

பள்ளிக்கூடத்துச் சாரணியர் படையான கைட்ஸில் நான் ஒரு வருடம் இருந்தது உண்மை. கழுத்துப் பட்டியை ஸ்திரி போட்டதையும், பரிசளிப்பு விழாவில் வரிசையாக நின்றதையும் தவிர வேறொன்றும் செய்ததில்லை. எங்கள் வயதுக்காரருக்குப் பள்ளிக்கூடக் காலம் யுத்த காலம், பற்றை என்றால் மிதிவெடிக்குப் பயந்து கால் வைக்கக் கூடாத இடம், அவ்வளவுதான். தடி பொறுக்கப் போனவர்களும் தார் றோட்டைக் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்தில்தான் நின்றார்கள். போனில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் மகள் என்ன நினைத்திருப்பாள்? போனைப் பறித்தவளே போனைப் பார்த்துத்தான் சொல்லித்தருகிறாள் என்று நினைத்திருப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை நான் படிப்பதும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படிப்பதுமாகப் போனது. எப்போதும் ஒரு பாடம் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. வெள்ளைக்காரர் ஏதோ ஒரு மரத்தின் பட்டையைக் கடதாசி போல உரித்து நெருப்புப் பற்றவைப்பார். அந்த மரம் இங்கே இல்லை. நான் தென்னம் பன்னாடையையும் தேங்காய்ப் பொச்சையும் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் எழும்ப முதல் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து தடியைக் கடைந்ததில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. ஒரு நாள் காலை புகை வந்தது. இன்னொரு நாள் பொச்சுக்குள் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தது. குனிந்து ஊத, அது பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப் பார்த்து, தீப்பெட்டி முடிந்துவிட்டதா, தரட்டுமா என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் பிள்ளைகளைவிட எனக்குத்தான் அது கூடப் பிடித்திருந்தது. வேலைக்குப் போய் வரும் வழியில் மரங்களை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன். நகரத்துக்குள் திரியும் மான்களின் கால் தடத்தை மணலில் காட்டி, இது நடந்த தடம், இது ஓடிய தடம் என்று சொல்லிக்கொடுத்தேன். அதில் பாதி எனக்கே நிச்சயமில்லை. கவுண்டரில் வைத்திருந்த அதே முகத்தோடு சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

கத்திப் பாடம் வந்தபோது மாத்திரம் கடுமையாக இருந்தேன். வில்லுக்கத்தி ஒன்று வாங்கி, அதைத் திறக்கவும் மூடவும் ஒரு கிழமை பழக்கினேன். வெட்டு எப்போதும் உன்னை விட்டு அங்காலே போக வேண்டும். கை எட்டும் தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது. எழும்ப முதல் கத்தியை மூட வேண்டும். மகன் இவற்றைச் செபம் போலப் பாடமாக்கினான். வாழைத்தண்டு வெட்டும்போதுகூட அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லுவான்.

விடுமுறை முடிய முந்திய ஞாயிறு, மூவரும் ஸ்கூட்டரில் கிண்ணியாப் பாலம் கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். கடல்நீர் ஏறும் களப்புக் கரையில் நல்ல நிழல் இருக்கிறது என்று என்னோடு வேலை செய்யும் அந்த ஊர்ப் பிள்ளை சொல்லியிருந்தாள். மூன்று தடியை முக்காலியாக நட்டு, நடுவில் கேத்திலைத் தொங்கவிட்டுத் தேத்தண்ணி வைப்பதுதான் அன்றைய பாடம். தடிகள் காய்ந்தவையாகக் கிடைத்தன. கேத்தில் கொளுவும் கொம்பு பச்சை மரமாக இருந்தால்தான் நெருப்புப் பிடிக்காது என்று முதல் நாள்தான் பார்த்திருந்தேன். தண்ணீரோரம் நின்ற ஒரு மரத்தில் மகள் நேரான கவர்க் கிளை ஒன்றைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. கண்டல் என்று சொன்னேன். களப்போரம் நிற்பதெல்லாம் கண்டல்தானே என்று நினைத்தேன்.

கிளையை நானே வெட்டினேன். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக வடிந்தது.

"அம்மா, பால் வருது" என்றாள் மகள்.

"பச்சை மரமெண்டால் பால் வரும்தானே" என்றேன்.

அவள் அதோடு விட்டுவிட்டாள். கொம்பை மகனிடம் கொடுத்துப் பட்டையைச் சீவச் சொன்னேன். அவன் தள்ளிப்போய் ஒரு வேரில் குந்தியிருந்து, அக்காவை எட்டத்தில் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு சீவலையும் தன்னை விட்டு அங்காலே சீவினான். ஒரு பிழையும் விடவில்லை. முடித்ததும் கத்தியை மூடினான். பிறகு வேர்வையைத் துடைக்கக் கையால் முகத்தை வழித்தான்.

அவன் கத்தியதை இங்கே எழுதப் போவதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நிலத்தில் உருண்டான். கண்ணில் எது பட்டாலும் முதலில் தண்ணீர்தான் என்பது எனக்குத் தெரியும். கேத்தில் தண்ணீரையும் குடிக்கக் கொண்டுபோன போத்தலையும் ஊற்றினேன். அது ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதவில்லை. சத்தம் கேட்டு, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீர்க் கானோடு ஓடிவந்தார். வரும்போதே சீவிய கொம்பைக் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, இது தில்லை. பால் பட்டாக் கண்ணைக் கெடுக்கிற மரம். ஆரு இத வெட்டச் சொன்ன?"

நான் வாயைத் திறக்க முதல் மகள் சொன்னாள்: "இல்லை, இது கண்டல். எங்கட அம்மாவுக்கு மரமெல்லாம் தெரியும். அம்மா கைட்ஸில படிச்சவ."

அவர் என்னைப் பார்த்தார். கானைச் சரித்து மகனின் கண்ணில் ஊற்றிக்கொண்டே, யாரோ ஒருவரைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னார். என் கையையும் கழுவச் சொன்னார். அப்போதுதான் என் விரல்களிலும் அந்தப் பால் காய்ந்திருப்பதைக் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் நீண்ட நேரம் கண்ணைக் கழுவினார்கள். டொக்டர் என்ன மரம் என்று கேட்டார். "தில்லையெண்டு அங்க நிண்ட ஒருத்தர் சொன்னவர், எனக்குத் தெரியாது" என்றேன். பதினாலு வருடமாக வாயில் வராத அந்தச் சொல் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. வலது கண் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, மூன்று நாள் போன பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்லலாம் என்றார் டொக்டர். மருந்து பூசி அந்தக் கண்ணைக் கட்டினார்கள். இடது கண் வீங்கி, திறக்க ஏலாமல் இருந்தது.

வெளியே மகனை மடியில் சாய்த்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது மகள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"கைட்ஸில படிச்சனீங்கள்தானே?"

"இல்லை. போனில பாத்தனான். எல்லாம் போனில பாத்ததுதான்."

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "நான் பால் வருது எண்டு சொன்னனான்" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் மகன் வீட்டில் கட்டிலில் கிடந்தான். கணவரின் கப்பல் நடுக்கடலில் நின்றது. சிக்னல் கிடைக்காததால் அவருக்குச் சொல்லவும் வழி இருக்கவில்லை. முதல் நாள் காலை, விடிந்துவிட்டதா என்று மகன் கேட்டான். ஓம், விடிஞ்சிட்டுது என்றேன். அவன் கொஞ்சம் பொறுத்து, "அக்கா?" என்றான். மகள் அடுத்த அறையிலிருந்து ஓம் என்றாள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. மத்தியானம் சோற்றைக் குழைத்துத் தீத்தப் போனேன். கறியில் உறைப்பு இல்லை என்று சொன்னேன். வாயைத் திறக்காமல், "அக்கா?" என்றான். அவள் வந்து ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, உறைப்பில்லை என்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

பின்னேரம் மறுபடியும் அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொல்லுறன்தானே, எல்லாத்துக்கும் என்னத்துக்கு அக்கா என்று ஏசினேன். அவன் கொடுத்ததை விழுங்கினான். குசினிக்குள் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் அவன் மேல் கோபம் முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் கட்டை அவிழ்த்துப் பார்த்த டொக்டர், தோல் மூடிக்கொண்டு வருகிறது, பார்வைக்கு ஒன்றும் இல்லை என்றார். சுவரில் இருந்த எழுத்துகளில் கடைசிக்கு முந்திய வரி வரை மகன் வாசித்தான். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே நின்று அழுதேன். ஒரு கிழமைக்கு நாளுக்கு நாலு தடவை விடும்படி சொட்டு மருந்து எழுதித் தந்தார்.

அந்த மருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. அதன் பெட்டி எங்கள் கடையில் எந்தத் தட்டில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். எத்தனையோ தாய்மாரின் கையில் அதைக் கொடுத்து, எப்படி விடுவது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்கு உண்மையாகவே தெரிந்த ஒரு விசயம் கடைசியில் வந்திருக்கிறது என்று ஒரு நிம்மதி. வீட்டுக்கு வந்து மகனைக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, மூடியைக் கழற்றினேன்.

"இது எரியாதப்பன். கண்ணைத் திற" என்றேன்.

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். முகத்தை மகள் நின்ற பக்கம் திருப்பினான்.

"அக்கா, எரியுமா?"

மகள் வந்து என் கையிலிருந்து போத்தலை வாங்கினாள். என்னைக் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி, தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். ஒருவருக்கு எழுதிய கண் மருந்தை இன்னொருவர் விடக் கூடாது. ஆட்களுக்கு நான் தினமும் சொல்வது அது. அப்போது சொல்லவில்லை. அவள் இமையை மூடித் திறந்தாள், முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எரியுது" என்றாள். "கனக்க இல்லை. பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்."

பதினாலு வருடமாக அந்த மருந்தை எரியாது என்று சொல்லி விற்றவள் நான். ஒரு நாளும் என் கண்ணில் விட்டுப் பார்த்ததில்லை.

மகன் கண்ணைத் திறந்தான். அவள் சொட்டை விட்டாள். இரண்டு பேரும் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். நான் போத்தல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பத்து எண்ணி முடியும் வரை பக்கத்தில் நின்றேன்.