ஒரு வாரம் சின்னது

சென்னைக்கு வெளியே, கம்பெனிகள் நிறைந்த பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவருக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்கு செல்போன் கம்பெனி லைனில். முதல் ஸ்கேனில், பதினோரு வாரம் இருக்க வேண்டிய கரு பத்து வார அளவில்தான் இருந்தது. தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து சொல்வார்களாம்.

"நாள் கணக்கு தப்பியிருக்கும்லா?" என்றார் கணவர், வெளியே வந்ததும்.

தப்பவில்லை. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பிய காலையில்தான் கடைசியாகத் தூரமானேன். கோயிலுக்குப் போகாமல் ஷிப்டுக்குப் போன நாள் மறக்குமா? டாக்டரிடமும் சொன்னேன். சிலருக்குக் கரு தங்குவது தள்ளிப்போகும், இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

வீட்டுக்காரம்மா விஷயம் கேட்டு, "இன்னாம்மா துன்ற நீ, குருவி கணக்கா? அதான் கொயந்த வளரல" என்று தினமும் முட்டையும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். வாந்திக்கு நடுவிலும் தின்றேன்.

அடுத்த ஸ்கேனில் இதயம் துடித்தது. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு வாரத்துக்கான வளர்ச்சிதான். சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றில் ஊசி செலுத்தி, நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"குரோமோசோம் ஜோடி ஜோடியா இருக்கணும். ஒண்ணு கூடிப்போனா, சில குழந்தைங்களுக்கு ஆரம்பத்துலயே வளர்ச்சி பின்தங்கும்" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

"நான் சரியா சாப்பிடலயோ?"

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது என்ன நிம்மதி என்று இன்றும் தெரியவில்லை.

சோதனை முடிவு வருவதற்குள் துடிப்பு நின்றுவிட்டது. சுத்தம் செய்து அனுப்பினார்கள். பதினெட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று என்று பிறகு தெரிந்தது. குழந்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாங்கள் பேசியதே இல்லை. பேச வேண்டிய அவசியமும் போய்விட்டது.

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நீ துன்னாததால இல்லியா?"

"இல்லம்மா."

"நான் பாட்டுக்கு உன்ன திட்டிக்கினே இருந்தனே" என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. துணி காயப்போட வேண்டியிருந்தது.

வேலைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் உட்கார்ந்து செய்யும் இடமாகப் பார்த்துப் போட்டார். அவர் காரணம் கேட்கவில்லை. சில வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவளுக்கான முதல் ஸ்கேனில் அளவு சரியாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அளந்தார்கள்.