பிளாகில் ஏறிய என் தூக்கம்

மாமல்லபுரத்தில் குறும்படம் எடுத்தோம். எடுத்த விதத்தைக் குழுவாக இணையத்தில் ஒரு பிளாகில் எழுதினால்தான் மீடியா படிப்பில் மார்க். குழுவில் மற்ற மூவரும் லாட்ஜில் தங்கினார்கள். வாடகைக்கு வழியில்லாத நான் அப்போது சில மாதங்களாகவே செங்கல்பட்டு ரயில் நிலையத்தில்தான் படுத்து வந்தேன். ஒரு காலை ரயிலேற வந்த குழுத் தலைவன், நான் பிளாட்பாரத்தில் வாய் பிளந்து தூங்குவதைப் போட்டோ எடுத்திருக்கிறான். அதை ‘சந்தித்த சவால்கள்’ பகுதியில் போட்டு, படத்துக்காக நாங்கள் எல்லோரும் அங்கே படுத்ததாக எழுதிவிட்டான்.

“அந்த போட்டோவத் தூக்குடா,” என்றேன்.

“மச்சான், மார்க்கே அதுலதான் கீது. இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?”

வகுப்பில் ஆசிரியர் அதைப் பாராட்டி, அனுபவத்தைச் சொல்லச் சொன்னார். அவனே எழுந்து கொசுக்கடியை விவரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்த நான், பிறகு அந்தப் படிப்பின் பக்கமே போகவில்லை.